தண்ணி பிடிக்க யார் இருப்பது?

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம் என்று யாராவது ஆல்பத்தை விரித்துக் காட்டினால், அந்த வீட்டு அம்மா எந்தப் படத்தில் இருக்கிறாள் என்றுதான் முதலில் தேடுவேன். பாதி ஆல்பங்களில் இருக்க மாட்டாள். "அவங்களுக்கு வர முடியலை" என்பார்கள். ஏன் முடியவில்லை என்று கேட்டால் முகம் மாறும். மாறட்டும். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கத் தெரியாது.

எங்கள் வீட்டில் சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டது தொண்ணூறுகளின் கடைசியில், நான் கோவில்பட்டியில் கல்லூரி இரண்டாம் வருடம் முடித்த கோடையில். இடத்தைச் சொன்னவள் அம்மா. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் மலையாளப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தி வீட்டுக்குப் பின்னால் படியில் உட்கார்ந்து மீன்சட்டி கழுவினாள். படிக்குக் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். வாசலில் படகு வந்து நிற்கிறது, ஆட்டோ நிற்பதுபோல.

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டாள். "இது எந்த ஊருட்டி?" என்றாள். குட்டநாடு, ஆலப்புழைப் பக்கம் என்றேன். "அங்கன ஒருதரம் போயிப் பாக்கணும்" என்றாள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டு நான் அறிந்தது அது ஒன்றுதான்.

அவள் ஏன் கேட்டாள் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வரும். அதுவும் பகலில் எப்போது வேண்டுமானாலும் வரும். வந்தாலும் வேகம் கிடையாது, மேலே ஏறாது. அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்புக்கு மேல் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயை உள்ளே இறக்கி வைத்திருப்பார்கள். அந்தக் குழிக்குள் இறங்கி, குனிந்து, ஒவ்வொரு குடமாகப் பிடித்து மேலே ஏற்ற வேண்டும். கோடையில் கரிசல் மண் வெடித்துக் கட்டி கட்டியாகத் தலையில் விழும். மழைக்காலத்தில் சேறு காலைக் கவ்விக்கொள்ளும். எங்கள் குழிக்குள் இறங்கியது அம்மா மட்டும்தான். என்னையும் விடமாட்டாள், மேலே நின்று குடத்தை வாங்கு என்பாள்.

அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினார். கோடையில்தான் அங்கே வேலை மும்முரம், லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த வருடம் முதலாளி நாலு நாள் விட்டார். அப்பா சித்தப்பாவிடம் சொல்ல, சித்தப்பா சித்தியிடம் சொல்ல, வேன் பிடிப்பதென்று ஆயிற்று. ஒரு சாயங்காலம் எல்லோரும் எங்கள் வீட்டு முன்னறையில் கூடினார்கள். அப்பா, சித்தப்பா, சித்தி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், என் அண்ணன். அம்மா அடுப்படியில் எல்லோருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்ட ஊருக்குப் போவதைப் பற்றி அவள் இல்லாத அறையில் பேசினார்கள். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

படகில் ஒருநாள், அப்புறம் குருவாயூர், திரும்பும்போது திருவனந்தபுரத்தில் கடற்கரை என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே போனார். யார் யார் ஜன்னலோரம் உட்காருவது என்பதற்குக்கூட அரைமணி நேரம் சண்டை நடந்தது. வழிக்குப் புளிச்சோறு, முறுக்கு, இட்லி. செய்வது யார் என்று யாரும் கேட்கவில்லை. அதில் சந்தேகம் இருந்தால்தானே கேட்பதற்கு.

பிறகு அப்பா திடீரென்று நினைவு வந்தவர்போல, "ஏல, அந்த நாலு நாளுக்குள்ளதான நமக்குத் தண்ணி வரணும்?" என்றார்.

"பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போவோம்" என்றேன். "அவிய வீட்டுக்குப் பிடிக்கவே நேரம் பத்தாது, நம்ம குழிக்குள்ள எப்பம் இறங்குவாவ?" என்றார் அப்பா. அது நியாயம்தான். ஒருமுறை விட்டுவிட்டால் அடுத்த முறை வரைக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை, அதுவும் நிஜம்தான்.

"அப்பம் அண்ணன் இருக்கட்டும்" என்றேன். அண்ணன் பாலிடெக்னிக் முடித்து வீட்டில்தான் இருந்தான். தடிமாடு மாதிரி உடம்பு. அவன் என்னை முறைத்தான். "நான் குடத்தோட குழிக்குள்ள நிக்கதப் பாத்தா பயலுவ சிரிப்பானுவ."

சித்தப்பா அவன் பக்கம். "ஆம்பளப்பிள்ளை போயி குழாயடியில நிப்பானாம்மா?" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். ஏதோ நான் அவனைப் பூ வைத்துக்கொள்ளச் சொன்னதுபோல.

"சரி, நான் இருக்கேன். அம்மா போயிட்டு வரட்டும்."

"வயசுப்பிள்ளையத் தனியா விட்டுட்டு ஊர் சுத்தப் போயிட்டான்னு நாலு பேரு பேசமாட்டானா?" என்றார் அப்பா.

அவ்வளவுதான். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்து கடைசியில் ஒருத்தியை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டினார்கள். அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லக்கூட இல்லை. காப்பித் தம்ளர்களை அம்மா கொண்டுவந்தபோது சித்தப்பா, "மதினி இல்லாம நல்லாவே இருக்காது" என்றார். தான் போகப் போவதில்லை என்று அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அப்பா முந்திக்கொண்டார். "அவளுக்கு இதுலயெல்லாம் பெருசா ஆசை கிடையாதுப்பா. அவளுக்கு வீடுதான்."

ஆசை இல்லையாம். அவள் கேட்ட ஊர். அப்பா கெட்டவர் இல்லை, குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். இருக்கட்டும். ஒரு மனிதன் கையை ஓங்காமலே என்னவெல்லாம் செய்ய முடியும் என்று நான் அந்த அறையில்தான் பார்த்தேன்.

அம்மா தம்ளரை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். "எத்தனை பேருக்குப் புளிச்சோறு கட்ட?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அவள்மேலும் கோபம். கத்தேன், அந்தக் காப்பியைக் கொட்டேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

புறப்படும் நாள் விடிந்தது. வேன் தெருமுனையில் நின்றது. அம்மா கட்டிய சோற்றுத் தூக்குகளை அண்ணன் ஏற்றினான், அதற்கு மட்டும் பயல்கள் சிரிக்கவில்லை. வேனில் ஒரு சீட் காலியாக இருந்தது. அதில் சித்தி பையை வைத்தாள். அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கிவிட்டேன். "நானும் வரலை" என்றேன். அப்பா தெருவே கேட்க ஏசினார். திமிரு என்றார், படிக்க வச்சது தப்பு என்றார். ஏசட்டும் என்று நின்றேன். வேன் போய்விட்டது.

"ஏட்டி, நீயாவது பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லியிருக்கலாம்லா" என்றாள் அம்மா.

மறுநாள் காலையிலேயே தண்ணீர் வந்துவிட்டது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். மத்தியானம் வரை பிடித்தோம். டிரம், அண்டா, குடம், கடைசியில் குழம்புச் சட்டி வரை நிரம்பியது. அம்மா மேலே ஏறி வந்து, கால் சேற்றைக் கழுவி, வாசல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கொஞ்ச நேரம் குழியையே பார்த்தாள்.

"தண்ணி பிடிச்சாச்சுல்லா?" என்றாள்.

"ஆச்சு."

"இனி வர நாளாகும்லா?"

"ஆகும்."

"அப்பம் நான் எதுக்கு இங்கன இருக்கேன்? நல்ல சேலையா ஒண்ணு எடு. பொறப்படு."

நான் நம்பாமல் பார்த்தேன். அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, "அவிய வந்தா குடுத்திருங்க. தண்ணி இருக்கு, மாவு இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். எங்கே என்று அக்கா கேட்டதற்கு, "கேரளாவுக்கு" என்றாள், பக்கத்திலிருக்கும் கயத்தாறு வரைக்கும் போய்வருகிறவள்போல.

தென்காசிக்கு ஒரு பஸ், செங்கோட்டை தாண்டி ஒரு பஸ், கொல்லத்திலிருந்து விடியற்காலையில் இன்னொரு பஸ். எங்கள் வேன் கூட்டம் அதற்குள் குருவாயூர்ப் பக்கம் போயிருக்கும். திரும்பி வந்து பூட்டிய வீட்டைப் பார்த்தபின் அப்பா போட்ட சண்டையை நான் இங்கே எழுதப் போவதில்லை, அதற்கு அவ்வளவு தகுதி கிடையாது. ஆலப்புழையில் பெரிய படகெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. டவுன் பஸ் மாதிரி ஊர் ஊராக நின்று போகும் அரசாங்கப் படகில் ஏறினோம். சின்னப் பிள்ளைகள், வாழைக்குலை, மீன்கூடை, நாங்கள்.

அம்மா ஓரத்தில் உட்கார்ந்து கையை வெளியே நீட்டிக்கொண்டாள். தண்ணீர் தெறித்தது. இரண்டு பக்கமும் தென்னை, வயல், வயலைவிட உயரமாகத் தண்ணீர். டிவியில் பார்த்தது போலவே வீட்டுக்கு வீடு படிகள். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

ஒரு துறையில் படகு நின்றது. கரையில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். பச்சை, நீலம், சிவப்பு. குடத்துக்குப் பக்கத்தில் பெண்கள், சிலர் நின்றுகொண்டு, சிலர் குந்தி உட்கார்ந்துகொண்டு. ஒருத்தி இடுப்பில் பிள்ளை. வெயில் எங்கள் ஊர் வெயில் மாதிரியே அடித்தது. அம்மாவின் கை உள்ளே வந்துவிட்டது.

"என்னன்னு கேளு" என்றாள். கண்டக்டரிடம் கேட்டேன். அவர் பாதித் தமிழில் சொன்னார். இந்தத் தண்ணீரெல்லாம் உப்பும் அழுக்கும், வாயில் வைக்க முடியாது. குடிதண்ணீர் வேறொரு படகில் வரும். ரெண்டு நாளாக வரவில்லை, இன்று வரும் என்று காத்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அழுகை வரும் என்று பயந்தேன். வரவில்லை. வரிசையை முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஏட்டி, அந்த வரிசையில ஒரு ஆம்பளையாவது நிக்கானா?"

பார்த்தேன். இல்லை. துறைக்குப் பக்கத்திலேயே டீக்கடை இருந்தது. நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வயதில் ஒருவன் எங்கள் படகைப் பார்த்துக் கொட்டாவி விட்டான்.

"அப்பம் இது தண்ணிக் கொறை இல்லட்டி" என்றாள் அம்மா.

படகு நகர்ந்தது. துறை கண்ணுக்கு மறையும்வரை அவள் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. அந்த டீக்கடையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.