கட்டிலுக்கடியில் கரி

வீட்டுக்குள் நுழைந்ததும் தோவா குழந்தையைப் பார்ப்பதில்லை. பையைக் கீழே வைத்து, மண்டியிட்டு, கன்னம் தரையில் படுமளவுக்குக் குனிந்து கட்டிலுக்கடியில் பார்ப்பாள். பிறகு எழுந்து மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடிப்பாள். அதற்கப்புறம்தான் "எங்க என் தங்கம்?" என்று கையை நீட்டுவாள்.

சைகோனில் இந்தப் பக்கத்துச் சந்துகளில் பிறக்கும் குழந்தைகளை முதல் ஒரு மாதம் குளிப்பாட்டிவிடுவது அவள் தொழில். காலையில் ஆரம்பித்தால் மத்தியானம் வரை வீடு வீடாக ஏறி இறங்குவாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குட்டையான உருவம், தண்ணீரில் ஊறி வெளுத்த கைகள். எல்லாரும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டு, அவள் வருவதற்குள் கொசுவத்தியை ஒளித்துவைக்கிறார்கள்.

ஒளித்தால் விட்டுவிடுவாளா? குழந்தைத் துணிக்குள் கிடக்கும் அந்துருண்டைகளைப் பொறுக்கி ஜன்னல் வழியே எறிவாள். வாசனைத் திரவம் ஊற்றி அலசிய துணியை முகர்ந்து பார்த்து மறுபடி வாளியில் போடுவாள். "பொறந்து ஒரு வாரம் ஆகல, அதுக்கெதுக்குடி ரோசாப்பூ வாசனை? கல்யாணத்துக்கா போவுது?" பெயிண்ட் காயாத அறையில் தொட்டில் கட்டிய ஓர் அப்பனை, சந்து முழுக்கக் கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள்.

ஏன் என்று கேட்டால் அவளுக்கு விளக்கத் தெரியாது. "என் மூக்கு வேணாங்குது, அவ்வளவுதான்." அந்த மூக்கையும் முழுசாக நம்புவதற்கில்லை. ஒரு தடவை ரப்பர் எரிகிறது என்று மாடியையே ரகளையாக்கிவிட்டாள். கடைசியில் பார்த்தால் பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் அவள் வருவது அவள் பூசும் பச்சைத் தைல நாற்றத்திலேயே தெரிந்துவிடும். "உங்க தைலம் மட்டும் விஷமில்லையா சித்தி?" என்று ஒருத்தி சீண்டினாள். "நான் வெந்து முடிஞ்ச கட்டைடி. இது பச்சைப்புள்ள" என்றாள் தோவா. சொல்லிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டுதான் குழந்தையைத் தொட்டாள்.

பிள்ளை பெற்றவள் என்றால் இந்த ஊருக்குக் காற்றுதான் எதிரி. ஜன்னலை மூடு, கதவை மூடு, கட்டிலுக்கடியில் கணப்புச்சட்டியில் கரியைக் கொட்டு, மேலே தாயையும் பிள்ளையையும் படுக்கப் போடு! உடம்பு இறுகுமாம், வாதம் அண்டாதாம். மூடிய அறையில் கனலும் கரி ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும் என்று ஆஸ்பத்திரியில் தொண்டை கிழியச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். யார் காதில் ஏறுகிறது?

மூன்றாம் மாடி குயெனுக்குத் தலைப்பிரசவம். பிள்ளைக்குச் செல்லப் பெயர் நண்டு. புருஷன் லோக், பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவன். அவன் அம்மா இருப்பது தொலைவில், பென் ட்ரேயில். அங்கிருந்தே பஸ்ஸில் மூட்டை மூட்டையாகச் சிரட்டைக்கரி அனுப்புகிறாள். காலையும் மாலையும் வீடியோவில் கூப்பிட்டு, "போனைக் கீழ காட்டுடா" என்று தணல் இருக்கிறதா என்று பார்க்கிறாள். தினமும் தோவா சட்டியை வெளியே தூக்கி வைப்பாள். அவள் தலை மறைந்ததும் லோக் அதை உள்ளே கொண்டுபோய் வைப்பான்.

போன வாரம் தோவா கதவைத் தள்ளியபோது அனல் முகத்தில் அடித்தது. ஜன்னல் இடுக்கிலெல்லாம் செய்தித்தாளைத் திணித்திருந்தார்கள். "தலை வெடிக்குது சித்தி, வாந்தி வருது" என்றாள் குயென், கண்ணைத் திறக்காமலே. ஆள் தொட்டாலே வீட்டைத் தலைகீழாக்கும் நண்டு, தூக்கியபோது சிணுங்கக்கூட இல்லை. கை துவண்டு தொங்கியது.

தோவா பிள்ளையை அணைத்துக்கொண்டு, குயெனின் கையைப் பற்றி இழுத்து வெளிநடையில் உட்காரவைத்தாள். திரும்ப ஓடி ஜன்னலை அடித்துத் திறந்தாள். பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினாள், தேய்த்தாள், பேர் சொல்லிக் கத்தினாள். ரொம்ப நேரம் கழித்து நண்டு வீறிட்டது. அப்பாடா என்று அவள் உட்காரவில்லை. அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"வண்டியக் கூப்புடுடா. ரெண்டு பேரையும் இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ!"

"சித்தி, இவ பச்சை உடம்புக்காரி. மாசம் தாண்டல, வெளிய எப்படி…" என்று இழுத்தான் லோக்.

"பச்சை உடம்புன்னு தெரியுதில்ல? அப்புறம் எதுக்குடா போட்டு வாட்டுற?"

அவன் வண்டிக்குச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா வீடியோவில் வந்துவிட்டாள். "யாருடா ஜன்னலைத் தொறந்தது? கரி எங்க?"

தோவா போனைப் பிடுங்கினாள். "அக்கா, கொஞ்சம் விட்டிருந்தா உங்க பேரன் மூச்சு நின்னிருக்கும்."

"ஏம்மா, நாங்கல்லாம் கரியில படுக்கலையா? அஞ்சு பெத்தேன். செத்தா போயிட்டேன்?"

"நானும்தான் படுத்தேன். இடுப்புல இன்னும் தழும்பு இருக்கு. பொழச்சவங்க வாய் பேசுறோம். போனது வந்து பேசுமா?"

அம்மா மகனிடம், குரலைத் தணித்து, "சரி, டாக்டர்கிட்ட காட்டிட்டு வா. வந்ததும் ஜன்னலை மூடிட்டுக் கொஞ்சமாப் போட்டு வையி. கொஞ்சமாத்தான்" என்றாள்.

லோக் பெண்டாட்டியைப் பார்த்தான். சித்தியைப் பார்த்தான். "சரிம்மா" என்றான்.

சரிம்மாவாம்! தோவா மூவரையும் வண்டியில் ஏற்றி அனுப்பினாள். மேலே வந்து தணலில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். அந்த அறைக்கு இருந்தது ஒரே ஜன்னல், அதற்கு ஒற்றைக் கதவு. முக்காலியைப் போட்டு ஏறி, இரண்டு கையாலும் பிடித்து, அந்தக் கதவைக் கீலிலிருந்து தூக்கிக் கழற்றினாள்.

கீழே அதைத் தன் பைக்கின் பின்னால் படுக்கவைத்து ரப்பர் கயிற்றால் கட்டுகிறவளைப் பார்த்து வாசல் காவலாளி வாயைப் பிளந்தான். "எங்க சித்தி ஜன்னலையே தூக்கிட்டுப் போறீங்க?"

"மாசம் தாண்டட்டும். நானே கொண்டாந்து மாட்டுறேன்" என்றாள் தோவா. கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.