முசேயின் சனிக்கிழமைகள்

லாஸ்பேட்டையில் விமான நிலையச் சுவரை ஒட்டிய அந்தத் தெருவில் ராமலிங்கம் வீடு கட்டிக் குடிவந்து நான்கு வருடம் ஆகியும், அவர் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அது அவருடைய குறைதான். எதிரில் ஆள் வந்தால் போதும், செருப்பு வார் அறுந்துபோனவர் மாதிரி குனிந்துகொள்வார். முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு மில்லில் இருபத்திரண்டு வருடம் தறி ஓட்டியவர். அந்த இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று பேச்சை விட்டவர், வெளியே வந்தும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மில்லில் விருப்ப ஓய்வு என்று பெயர் சூட்டி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். யாருடைய விருப்பம் என்று கேட்க நாதியில்லை. பக்கத்திலேயே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் செய்யும் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனார். நரைத்த மீசையைப் பார்த்துவிட்டு, “வயசானவங்கள எடுக்கறதில்லீங்க” என்றார்கள். மறுவாரம் மீசைக்கு டை அடித்துக்கொண்டு, வயதில் ஏழு வருடத்தைக் குறைத்துக்கொண்டு போய் நின்றார். எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில் கண்ணாடி முன்னால் அவருக்கு மீசை வேலை உண்டு.

அவரைத் தெருவுக்கு அறிமுகப்படுத்தியது நாய்தான். காலிமனையில் கத்திக்கொண்டு கிடந்த குட்டி. உச்சி முதல் வால் நுனி வரை ஒரு பொட்டு வெள்ளை கிடையாது, அட்டைக் கறுப்பு. யாரையும் சட்டை செய்யாமல் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அது நடப்பதைப் பார்த்து, அவர் மனைவி பூர்ணிமா ‘முசே’ என்று பெயர் வைத்தாள். பிரெஞ்சுக்காரர் காலத்து ஆட்கள் துரைமார்களை அப்படித்தானே கூப்பிட்டார்கள்! காலையில் ஐந்தரைக்கு ஒரு சுற்று, ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு சுற்று. நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்கள். இங்கே நாயோடு சேர்த்து ராமலிங்கத்துக்கும் அதே கதை.

இந்தச் சமயத்தில்தான் கோடி வீட்டுக் கிருஷ்ணசாமிக்கு ஏழரைச் சனி பிடித்தது. மச்சமில்லாத கறுப்பு நாய்க்குப் பதினொரு சனிக்கிழமை எள்ளுச் சாதம் போட வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ஒரு வெள்ளை முடி இருந்தாலும் பரிகாரம் பலிக்காதாம். லாஸ்பேட்டை முழுக்கத் தேடினால் செவலையும் சாம்பலும்தான் திரிகின்றன. அப்போது துரை மாதிரி தெருவில் வந்தது முசே. பதினோராவது வாரம் முடிந்த கையோடு காரைக்காலில் வேலை பார்த்து வாரக்கடைசியில் மட்டும் வீட்டுக்கு வந்துபோன கிருஷ்ணசாமிக்கு ஊரோடு மாற்றல் கிடைத்தது. சும்மா இருக்குமா தெரு?

இரண்டே வருடத்தில் சனிக்கிழமை என்றால் பதினொரு வீட்டு வாசலில் தட்டு காத்திருந்தது. “வாங்கண்ணே, இன்னா லேட்டு?” என்று பெண்கள் ராமலிங்கத்தைக் கேட்டார்கள். அவரும் நின்றார். பதில் சொன்னார். யார் வீட்டில் பிரசவம், யாருக்கு மூட்டு வலி என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. சனிக்கிழமைக்காகச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனார் என்றால் பாருங்கள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் தான் இந்த ஊர்க்காரன் என்று அவருக்குத் தோன்றியது.

ஏழாவது வயதில் முசேயின் மோவாய் நரைக்க ஆரம்பித்தது. ராமலிங்கத்துக்குத் திக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை மீசைக்குப் போக கிண்ணத்தில் டை மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று பிரஷ்ஷால் நாயின் மோவாயில் நாலு இழுப்பு இழுத்துவிட்டார். இரண்டு பேரும் இளமை திரும்பி வீட்டை விட்டு இறங்கினார்கள். பூர்ணிமா தலையில் அடித்துக்கொண்டாள்.

2008 ஆடி மாதம், ஏர்போர்ட் சுவர் ஓரத்தில் முசே பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. நாக்கு ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். ஆட்டோவில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டரம்மா எடை பார்த்தார். முப்பத்திநாலு கிலோ.

“நாட்டு நாய்க்கு இருபதே ஜாஸ்தி. இன்னா போடுறீங்க இதுக்கு?”

“நான் ஒண்ணும் பெருசாப் போடலம்மா. தெருவுலதான்...”

டாக்டரம்மா நாயின் முகவாயைப் பஞ்சால் துடைத்தார். பஞ்சு கறுத்தது. பஞ்சைப் பார்த்தார், ராமலிங்கத்தின் மீசையைப் பார்த்தார்.

“நாய்க்குமா டை அடிக்கிறீங்க? நக்கினா வயித்துக்குள்ள போவுமே, தெரியாதா? இதோட நெஞ்சு தாங்கல. சோறு நிக்கணும், எடை எறங்கணும். இல்லன்னா பொங்கல் வரைக்கும் இருக்காது.”

ஆட்டோவில் திரும்பும்போது முசே அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது. ராமலிங்கம் அழுதார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்ப்பது தெரிந்தும் துடைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை வாசல் வாசலாகச் சொல்லிப் பார்த்தார். பதினொரு வீட்டிலும் ஒரே பதில்: “ஒரு உருண்டைதானண்ணே, ஒண்ணும் ஆவாது.” பதினொரு உருண்டை சேர்ந்தால் அரைக் குண்டான் என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? அதற்கடுத்த சனிக்கிழமை வழியை மாற்றிப் பார்த்தார். அந்தப் பதினொரு வீட்டில் ஒருத்தியான செல்வாம்பாள் பிள்ளையார் கோயில் திருப்பத்தில் தட்டோடு நின்றாள்.

செல்வாம்பாளுக்கு அது ஒன்பதாவது வாரம். மகள் கவிநிலாவுக்கு நான்கு வரன் வந்து தட்டிப்போயிருந்தது. தவளக்குப்பத்திலிருந்து ஐந்தாவது வரன் நாளை பெண் பார்க்க வருகிறது.

“வேணாம்மா. டாக்டரு கண்டிப்பா சொல்லிட்டாங்க.”

“ரெண்டு வாரம்ண்ணே! இன்னும் ரெண்டே வாரம். இப்ப நிறுத்துனா எம்பொண்ணு நெலம இன்னா ஆவறது? நீங்களும் ஒரு பொண்ணக் கட்டிக் குடுத்தவர்தானே?”

ராமலிங்கம் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டார். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது? உண்மையைச் சொன்னால் தட்டு நிற்கும். ஆனால் அதோடு அந்த “வாங்கண்ணே”யும் நின்றுபோகும். நாளை வரன் தவறினால் பழி முழுக்க அவர் தலையில் விடியும். கீழே முசே தட்டைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது, மூச்சு இழுக்க இழுக்க.

“இதுக்குப் போட்டா பலிக்காதும்மா. மோவாயெல்லாம் நரைச்சுப்போச்சு. ஒரு வருஷமா நான்தான் டை அடிச்சி உட்டுக்கினு இருந்தேன்.”

செல்வாம்பாள் குனிந்து பார்த்தாள். டாக்டரம்மா துடைத்த இடம் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது.

“ஒம்போது வாரமும் தண்டமாண்ணே?”

“தப்புதாம்மா.”

“ஏண்ணே இப்பிடிப் பண்ணீங்க?”

“வெள்ளையாப் போயிட்டா நீங்கள்லாம் என்னைக் கூப்புட மாட்டீங்களேன்னு...”

சொல்லி முடித்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. செல்வாம்பாள் தட்டோடு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். கேட் சாத்திய சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டது.

தவளக்குப்பத்தார் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், போய்ச் சொல்கிறோம் என்றார்கள். புதன்கிழமை வேண்டாம் என்று போன் வந்தது. அதற்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவி, மாவு மில் வாசலில் ஒரு கறுப்புக் குட்டியை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். கிருஷ்ணசாமி மட்டும் தன் மாற்றல் செல்லுமா செல்லாதா என்று ஒரு வாரம் கவலைப்பட்டார்.

பிறகு வந்த சனிக்கிழமைகள் ராமலிங்கத்துக்குக் கொடுமையாக இருந்தன. முசேக்கு எது தெரியாவிட்டாலும் கிழமை தெரியும். ஒவ்வொரு கேட்டாக நின்று மூடிய கதவைப் பார்க்கும். “வாடா” என்று சங்கிலியை இழுத்தால் நாலடி நடந்து அடுத்த கேட்டில் நிற்கும். சோற்றுக்குத்தான் நிற்கிறது என்று முதலில் நினைத்தார். ஆனால் வீட்டில் வைத்த கஞ்சியைக்கூட அது பாதிதான் குடித்தது. பூர்ணிமாதான் சொன்னாள், “அதுக்குச் சோறு இல்லீங்க கவல. மனுஷங்கள எங்கன்னு தேடுது.” தானும் அதைத்தான் தேடுகிறோம் என்று அவர் சொல்லவில்லை. பூர்ணிமாவுக்குத் தெரியாததா?

ஐந்தாவது சனிக்கிழமை. செல்வாம்பாள் வீட்டு கேட்டில் வழக்கம்போல் முசே நின்றது. ராமலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டே சங்கிலியை இழுத்தார். கேட் திறந்தது.

செல்வாம்பாள் கையில் ஒன்றுமில்லை. முன்பெல்லாம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றவள், இன்று பக்கத்தில் வந்தாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு குந்தினாள். நரைத்த மோவாயை இரண்டு விரலால், சூடு பார்ப்பவள் மாதிரி தொட்டாள்.

“வேண்டுதல் கீண்டுதல்லாம் ஒண்ணும் இல்லண்ணே,” என்றாள். “நாலு வாரமா உள்ள நின்னு பாக்கறேன், இது வந்து நிக்கறதும் போறதும். மனசு கேக்கல. சோறுதானே போடக் கூடாதுன்னாங்க?”

ராமலிங்கம் சங்கிலியைத் தளர்த்தினார். முசே ஒரு அடி முன்னால் வந்து, தன் முழுப் பாரத்தையும் அவள் தோளில் சாய்த்தது. குந்தியிருந்தவள் பொத்தென்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ, இவரு இன்னும் எளைக்கணும்ண்ணே,” என்று சிரித்தாள். எழுந்திருக்கவில்லை.