பன்னிரண்டு கிடாய்களோடு லாரி ஏறிய மேஜர்

அன்று பட்டியில் இருந்தவர்கள்: முதலாளி செல்வின் அண்ணன், புதுக்கடை ஆட்டு வியாபாரி ஞானதாஸ், லாரி டிரைவர் முருகன், பட்டி வேலை பார்க்கும் நான், விற்பனைக்குப் பன்னிரண்டு கிடாய்கள், மேஜர். மேஜர் என்பது நாய்.

செல்வின் அண்ணன் குவைத்திலிருந்து வந்து, சுசீந்திரம் பக்கத்தில் கடன் வாங்கிப் போட்ட பட்டி அது. மேஜர், கங்கால் என்னும் துருக்கி இனம். அங்கே ஓநாயிடமிருந்து ஆட்டைக் காக்கவே வளர்க்கிறார்கள். ஓநாய் குரல்வளையைப் பிடிக்காமலிருக்கக் கழுத்தில் இரும்பு முள் பட்டை போடுவார்களாம். குட்டியிலேயே ஆட்டோடு விடுவதால் ஆடுகளைத் தன் கூட்டம் என்றே நினைக்கும். மேய்ப்பன் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் தானே முடிவெடுக்கிற சாதி. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். இதெல்லாம் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டது. பார்த்த பிறகு பயம் கூடியது.

மேஜர் இரவெல்லாம் வேலியோரம் நடக்கும், பகலில் ஆடுகளுக்கு நடுவே படுத்துக் கிடக்கும். அண்ணன் வருவது பகலில்தான்.

"எலே, இது நாயா, சாக்கு மூட்டையா? திங்கதுக்கு மட்டும் எந்திரிக்கி."

அன்றுதான் முதல் விற்பனை. "இன்னைக்கு கிடா போகல்லேன்னா நாயும் வேண்டாம், நீயும் வேண்டாம்," என்று காலையிலேயே சொல்லிவிட்டார். கஞ்சியை மூடி வைத்துவிட்டுக் கிடாய்களை எண்ணப் போனேன்.

ஞானதாஸ் ஒரு கிடாயின் காதைப் பிடித்தார். மேஜர் எழுந்தது. குரைக்கவில்லை. நடந்துவந்து நடுவில் நின்றது. அவர் காதை விட்டார். அது படுத்தது. மறுபடி பிடித்தார். மறுபடி எழுந்தது.

"செல்வினு, இது என்ன வோய்? நான் துட்டு தந்து வாங்க வந்தேனா, களவாங்க வந்தேனா?"

"எலே, அதுட்ட சொல்லுடே," என்றார் அண்ணன் என்னிடம்.

சொன்னேன். மேஜரின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். நகர்ந்தது நான்தான்.

நான் பிடித்தால் கிடாய்களை விட்டது. ஞானதாஸ் முன்பணம் கொடுத்தார். எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும் தானும் தாவி ஏறி, நடுவில் படுத்துக்கொண்டது. இறக்க முடியவில்லை.

"அதுவும் வரட்டும்ணே. ஆட்ட எறக்கிட்டுத் திருப்பிக் கொண்டாரேன்," என்றான் முருகன்.

திரும்பி வந்தது லாரி மட்டும்.

மறுநாள் விடியுமுன் ஞானதாஸ் போனில் கத்தினார். "என் கொட்டிலுக்குள்ள என்னையே விடமாட்டேங்கு வோய்! கல்யாண வீட்டுக்காரன் கறிக்கு வந்து நிக்கான்!"

வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே அண்ணனோடு லாரியில் ஏறினேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் வேறெங்கோ கிடா வாங்கிவிட்டிருந்தார். கொட்டில் வாசலில் மேஜர் உட்கார்ந்திருந்தது. உள்ளே பன்னிரண்டும் அசை போட்டுக்கொண்டிருந்தன.

"ஆட்ட கொண்டு போவும். முன்பணத்தத் திருப்பித் தாரும்," என்றார் ஞானதாஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாய் என்ன வெல வோய்?"

அண்ணன் மேஜரின் பட்டையைப் பிடித்துக்கொண்டார். "தரமாட்டேன். அது வேலைக்கு நிக்கி."

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிடாய்களை நான்தான் திரும்ப ஏற்றினேன். மேஜர் கடைசியாக ஏறியது.

பட்டி போட நினைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆடு யாருக்குச் சொந்தம் என்பது இந்த இனத்துக்குத் தெரியாது. விற்கப்போகும் குட்டியைப் பால் மறந்ததுமே வேறு பட்டியில் கட்டுங்கள், நாய் கண்ணில் காட்டாதீர்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

லாரி வாடகையை ஞானதாஸ் தரணும் என்கிறார் அண்ணன். அண்ணன் தரணும் என்கிறார் ஞானதாஸ். லாரிக்குப் போன் போட்டவன் நான் என்பதால் முருகன் என்னிடம்தான் கேட்கிறான். பாக்கி மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.