எது அடைக்கு உட்காரும்?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவளுக்கு ‘மடிப்பக்கா’ என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் இரண்டு பேராக நின்று, ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து மடிப்பார்கள். இவள் விரிப்பின் நடுவைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாகவே மடித்துவிடுவாள். கூட நிற்க ஆள் வராத ஒரு நாளில் பழகிய வித்தை அது. பழகியது தப்பாகப் போயிற்று. அதற்கப்புறம் வந்த மேற்பார்வையாளர்கள் அத்தனை பேரும் அவளுக்கு ஆள் தருவதையே நிறுத்திவிட்டார்கள். “மடிப்பக்கா இருக்காங்கல்ல, பார்த்துப்பாங்க” என்பார்கள். இவளும் “சரி” என்பாள். உலகத்தில் பாதிப் பேருக்கு முதுகு வலி வருவது இந்த ஒரு வார்த்தையால்தான்.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிய மறுமாதமே அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். மூன்று கார்கள் இருந்தன, நிறுத்த இடம் இல்லை. தெருவில் நிறுத்தி நிறுத்தி அபராதம் கட்டி அலுத்துப்போயிருந்தார். மடிப்பக்கா இருந்த வீடு அப்பா இரண்டு பேருக்கும் பொதுவாக விட்டுப்போனது. அண்ணன் கல்யாணமானதும் வேறு பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். கல்யாணம் ஆகாத தங்கை இங்கேயே இருந்துவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் நீளமான கொல்லை, அதில் ஒரு கொய்யா மரம், ஒரு துவைக்கிற கல், இரண்டு கொடிக்கயிறு. முப்பத்தொரு வருஷமும் நீராவிக்குள் நின்றுவிட்டு வந்து அவள் மூச்சு விட்ட இடம் அந்தத் துவைக்கிற கல்தான்.

“கொல்லை சும்மாத்தானேம்மா கெடக்கு” என்றார் அண்ணன். “சிமென்ட் போட்டு மேலே தகரம் போட்டா வண்டி மூணும் நிக்கும். சந்துப் பக்கம் கேட் வச்சுக்கலாம். சத்தமா இருக்குன்னு தோணுச்சுன்னா நீ நம்ம வீட்டு மாடி ரூமுக்கு வந்துடு.”

கடைசி வாக்கியம்தான் மொத்த விஷயமும். மாடி ரூமை அவள் பார்த்திருக்கிறாள். பழைய டயர்களுக்கு நடுவே ஒரு கட்டில் போடலாம், கட்டிலுக்கு மேலே அண்ணியின் துணிகள் காயும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று சும்மாவா சொன்னார்கள்? இன்றைக்குக் கொல்லை, நாளைக்குச் சமையலறை, மறுநாள் அவளே டயரோடு டயராக.

மடிப்பக்கா வாயைத் திறந்தாள். “சரி” என்றுதான் வரும் என்று அவளே நினைத்தாள். வந்தது வேறு.

“நான் கோழி வளர்க்கலாம்னு இருக்கேன்.”

அந்த நிமிஷம் வரைக்கும் அவள் கோழியைப் பற்றி நினைத்ததே கிடையாது. அண்ணன் சிரித்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்த மாமா சிரிக்கவில்லை. அம்மாவின் தம்பி அவர். குடும்பத்தில் மிச்சமிருக்கும் ஒரே பெரியவர். எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் தலையாட்டி, இரண்டு வீட்டிலும் டீ குடிப்பவர்.

“வளர்க்கட்டுமே” என்றார் மாமா. “அந்தக் கோழிங்க தீர்ற வரைக்கும் நீ கொல்லையைத் தொடாதே. தீர்ந்துபோச்சுன்னா அவ மறுபேச்சு பேசாம விட்டுடணும். ரெண்டு பேருக்கும் சம்மதமா?”

அண்ணன் மனசுக்குள் கணக்குப் போட்டார். கறிக்கோழி என்றால் ஆறு வாரம். முட்டைக்கோழி என்றாலும் ஒன்றரை வருஷத்தில் ஓய்ந்துவிடும். “சம்மதம்” என்றார். “சம்மதம்” என்றாள் மடிப்பக்காவும். தப்பித்துக்கொள்ள அந்த நேரத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுநாளே அண்ணன் தன் காரில் ஏற்றி அவளைத் தீவனக் கடைக்குக் கூட்டிப்போனார். எவ்வளவு தாராளம் பாருங்கள், கோழியும் தானே வாங்கித் தருகிறாராம். கடையின் பின்பக்கம் முழுக்கக் கூண்டுகள், தவிட்டு வாசனை, ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒரு மஞ்சள் பல்பு. கடைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“இது பிராய்லர்க்கா. கொண்டுபோய்த் தீனி போடுங்க, நாப்பத்தஞ்சு நாள்ல கறி. இது வெள்ளை லேயர். கொஞ்சமாத் தின்னும், வருஷத்துக்கு முன்னூறு முட்டை போடும், ஆனா தொட்டதுக்கெல்லாம் பயந்து சாகும். இந்தச் செவப்பு கலப்பினம், சாது. கொல்லைக்கு இதுதான் எடுப்பா இருக்கும். ஒண்ணரை வருஷம் நல்லா போடும்.”

“செவப்பையே எடுத்துக்கோம்மா” என்றார் அண்ணன். “முட்டையும் ஆச்சு, உனக்குப் பொழுதும் போச்சு.”

மடிப்பக்கா கூண்டுகளின் கடைசிக்கு நடந்தாள். அங்கே நாட்டுக்கோழிகள் நின்றன. ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒன்றுக்குக் கழுத்தில் முடியே இல்லை, ஒன்றுக்குக் கால் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. சலவைக்கூடத்தில் ஒரே மாதிரி வெள்ளை விரிப்புகளையே பார்த்த கண்ணுக்கு அது ஒரு மாதிரி நன்றாக இருந்தது.

“தம்பி, இதுல எது அடைக்கு உட்காரும்?”

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? எது உட்காராதுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. அடைக்கு உட்கார்ற கோழி முட்டை போடாதே! நாட்டுக்கோழி பதினஞ்சு முட்டை போடும், உடனே அடை. இருபத்தொரு நாள் எந்திரிக்காது. அப்புறம் குஞ்சைக் கூட்டிக்கிட்டு ரெண்டு மாசம் ஊர் சுத்தும். வருஷத்துக்கு எழுபது முட்டை தேறினா பெருசு.”

“இந்தச் செவப்பு?”

“உட்காரவே உட்காராது. அந்த நெனப்பையே அதுங்ககிட்டருந்து எடுத்துட்டாங்க. தீர்ந்தா நீங்க எங்கிட்டத்தான் திரும்ப வரணும்.”

“நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்ந்து, அதுவும் உட்காருமா?”

“உட்காரும்.”

“அதோட குஞ்சு?”

“அதுவும்தான். இதென்னக்கா கேள்வி?”

மடிப்பக்கா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் செல்போனில் யாருக்கோ ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் கண்ணாடியைப் பார்த்து வண்டி எடு என்று சொல்லிக் கொடுக்கிற மனுஷன், தனக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

நிதானமாகத்தான் எடுத்தாள். மொட்டைக் கழுத்து இரண்டு, வெயில் தாங்கும் என்பதால். குட்டைக்கால் இரண்டு, சுவரேறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சண்டை இழுத்துவராது என்பதால். தலையில் கொண்டை வைத்தது ஒன்று வேண்டாம் என்று கடைக்காரர் தடுத்தார். மயிர் கண்ணை மறைப்பதால் மேலே பருந்து வந்தால் அதற்குத் தெரியாதாம். “ஆனா அடைக்கு இதை அடிச்சுக்க ஆளில்லைக்கா, கல்லைக் கொடுத்தாலும் உட்காரும்” என்று அவரே சொல்லி மாட்டிக்கொண்டார். அதையும் எடுத்தாள். கடைசியாக ஒரு சேவல்.

“சேவல் எதுக்கு? முட்டைக்குச் சேவல் தேவையில்லையே” என்றார் அண்ணன் போனை வைத்துவிட்டு.

“துணைக்கு” என்றாள்.

அண்ணனுக்கு விஷயம் உறைக்க ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் கொல்லையில் ஆறு கோழி இருபத்திரண்டு ஆகியிருந்தது. மடிப்பக்கா பழைய அலமாரியைப் படுக்கப்போட்டு அடைப்பெட்டி செய்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட விரிப்புகளைக் கிழித்து, நாலாக மடித்து, உள்ளே போட்டிருந்தாள். கோழிக்கும் மடிப்புக் கலையாமல் போட வேண்டுமா என்று கேட்டால் முறைப்பாள்.

“இது ஏமாத்து வேலை!” என்று குதித்தார் அண்ணன். “தீர்ற வரைக்கும்னுதான் பேச்சு.”

“தீரட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்?”

“நான் உனக்குக் கெடுதல் நினைப்பேனா? கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?”

“நான் என்ன குஞ்சா அண்ணே? எனக்கு அம்பத்தொன்பது வயசு. எம் மேல ஏன் மிதிக்கணும்?”

அந்த ஐம்பத்தொன்பது வருஷத்தில் அவள் அண்ணனிடம் பேசிய முதல் எதிர்ப்பேச்சு அது. பேசிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். குடித்து முடித்ததும் இன்னொரு தடவை பேச வேண்டும் போல இருந்தது.

ஆனால் அண்ணனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாக்கு மாறவில்லை. மாதா மாதம் வந்து கொல்லையை எட்டிப் பார்ப்பார், கோழிகளை எண்ணுவார், உறுமுவார், போய்விடுவார். மூன்று வருஷம் அப்படியே ஓடியது. அபராதம் கட்டிக்கொண்டே இருந்தார்.

தப்பு மடிப்பக்காவுடையது. கடையிலிருந்து வாங்கிய ஆறுக்கும் கடைக்காரரே தடுப்பூசி போட்டுத் தந்திருந்தார். வீட்டில் பொரித்ததுக்கெல்லாம் ஏழாம் நாள் கண்ணில் சொட்டு விடுங்கள், பெரிசுகளுக்கு மறுபடி ஊசி போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். இவள் கேட்கவில்லை. நாட்டுக்கோழிக்கு நோய் வராது, அதற்கு எதுக்கு ஊசி என்று இருந்துவிட்டாள். எல்லோரும் சொல்வதுதான், எல்லோரும் செய்கிற தப்புதான். வெள்ளைக்கழிச்சல் நோய் அதற்காக இரக்கம் பார்க்குமா?

முதலில் ஒரு குட்டைக்கால் இரை எடுக்காமல் தூங்கி வழிந்தது. அடுத்த நாள் கழுத்து முறுக்கிக்கொண்டது. ஒன்பது நாளில் கொல்லை காலி. கொண்டைக்கோழி அடையில் இருந்தபடியே போயிற்று, எடுத்தபோது அடியில் பதினொரு முட்டையும் சூடாக இருந்தன. மடிப்பக்கா கொய்யா மரத்தடியில் ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு தூவி எல்லாவற்றையும் புதைத்தாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கொல்லைக்காக வளர்த்த கோழிகள்தான் அவை. எப்போது கோழிகளுக்காகவே கோழி வளர்க்க ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைக்காரர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். அவருக்குக் கொல்லைக் கதை முழுக்கத் தெரியும்.

“மூணு மாசத்துக்கு இந்த மண்ணுல கோழி விடக்கூடாதுக்கா, விட்டா அதுவும் சாகும். ஆனா உங்க அண்ணன் நாளைக்கு வருவார்ல? ரெண்டு கோழி தர்றேன், கட்டி வைங்க. செத்தா சாகட்டும், அதுக்குள்ள அவர் பார்த்துட்டுப் போயிடுவார்.”

மடிப்பக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

“வேண்டாம் தம்பி. சாகத் தெரிஞ்சே ஒரு உயிரை இங்க கட்ட மாட்டேன்.”

மறுநாள் காலை அண்ணன் மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். காலிப் பெட்டிகளைப் பார்த்தார், தோண்டி மூடிய மண்ணைப் பார்த்தார். “அடடா” என்றார். அந்த அடடா உண்மையானதுதான். ஆனால் அடுத்த நிமிஷமே சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். காரிலிருந்து ஒரு பை சுண்ணாம்புத் தூளைக் கொண்டுவந்து, சந்துப் பக்கமிருந்து கொய்யா மரம் வரைக்கும் தரையில் நேராகக் கோடு போட்டார்.

“நான் சொன்ன சொல் தவறலைம்மா” என்றார். “மூணு வருஷம். நீ தந்திரம் பண்ணினே, அதையும் பொறுத்துக்கிட்டேன். மாமா சாட்சி.”

மாமா இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

“ஆமாண்ணே. நீ தவறலை” என்றாள் மடிப்பக்கா. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு இறங்கினாள். “நான்தான் தவறப்போறேன்.”

“என்னது?”

“கோழி தீர்ந்துபோச்சு, பேச்சுப்படி கொல்லை உனக்கு. ஆனா நான் தர மாட்டேன். முதல் நாளே நான் இதைச் சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வராம கோழி மேல பழியைப் போட்டேன். பாவம், வாயில்லா ஜீவனெல்லாம் எனக்காக மூணு வருஷம் பேசிச்சு.”

“பெரியவங்க முன்னாடி கொடுத்த வாக்கும்மா அது!” என்று அண்ணன் கத்தினார். “ஊர்ல என்ன சொல்வாங்க?”

“வாக்குத் தவறினவன்னு சொல்வாங்க. சொல்லட்டும். நீயே போய் வீடு வீடாச் சொல்லு. பாதி வீடு உனக்கும்தான், நான் மறுக்கலை. வா, தாழ்வாரத்துல உட்காரு, டீ போட்டுத் தர்றேன். கட்டில் போட்டுப் படு. ஆனா இந்தக் கொல்லையில சிமென்ட் விழணும்னா என்னைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் விழணும்.”

மாமா என்ன செய்வது என்று தெரியாமல் தலையை ஒரே பக்கமாக ஆட்டினார். அது எந்தப் பக்கம் என்று கவனிக்க அண்ணனுக்கு மனசில்லை. அவர் தான் போட்ட கோட்டின் மேலேயே டேப்போடு நின்றுகொண்டிருந்தார். மடிப்பக்கா சந்துப் பக்கமிருந்து சுண்ணாம்பைக் கூட்ட ஆரம்பித்தாள். அவர் கால் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்ததும் நிமிர்ந்தாள்.

“காலை எடுண்ணே” என்றாள்.