இறங்கச் சொன்னது நான்தான்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் என் பட்டறைக்கு வாருங்கள், நடந்த இடத்தைக் காட்டுகிறேன். நள்ளிரவு, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் எதுவும் இதில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல் இரண்டு மணிக்கு நடந்தது. யார் என்ன சொன்னாலும் நான் இதை மாற்றிச் சொல்லப் போவதில்லை.

நான் டீசல் மெக்கானிக். பிக்கப் வண்டிகள்தான் என் வேலை. பதினோரு வருடமாக நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து பட்டறை நடத்துகிறோம். பானெட்டுக்குள் தலையை விடுவது நான். சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்புவது அவர். "வண்டில பேய் இருக்கு" என்று எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதில் முக்கால்வாசிப் பேய் டேங்க்கில் சேர்ந்த தண்ணீர்தான். ராத்திரி டேங்க்கைக் காலியாகப் போட்டால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் கட்டும். மூடியின் ரப்பர் போனால் மழை இறங்கும். டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள், வாரம் ஒரு தடவை ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள் என்று தொண்டை வறளச் சொல்வேன். கேட்க மாட்டார்கள். பேய் என்றால் மட்டும் உடனே நம்பிவிடுவார்கள்.

அந்தப் பழைய பிக்கப் ஒரு தக்காளி வியாபாரியுடையது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று இருமி நின்றுவிடும். திறந்து பார்த்தால் ஃபில்டரில் தண்ணீர். மூன்று மெக்கானிக்குகள் பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் என் எதிர்ப் பட்டறைக்காரர். தெருவில் எல்லோரும் அவரை 'நட்டு' என்பார்கள். சனிக்கிழமை வண்டி என் வாசலில் வந்து நின்றதும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"நாங்களே விட்டுட்டோம். இந்தம்மா கண்டுபிடிக்கப் போகுதாம்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

"திங்கக்கிழமை காலைல இந்த வண்டி ஓடலேன்னா, என் போர்டைக் கழட்டி உங்க கையில குடுத்துடறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த போர்டில் என் பெயர் இருக்கிறது. ஒன்பது வருடம் அதில் என் வீட்டுக்காரர் பெயர்தான் இருந்தது. வேலை தெரிந்தவள் நான் என்று இந்தத் தெரு ஒத்துக்கொள்ள அத்தனை காலம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காய்ச்சல். தனியாகத்தான் போனேன். தெருவில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வண்டிக்குக் கரண்ட் போகாதபடி பேட்டரியின் நெகட்டிவ் கிளிப்பைக் கழற்றி வைத்தேன். தனியாக இருந்தால் முதலில் அதைத்தான் செய்வேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

டேங்க்கை இறக்கிக் கழுவிக் காய வைத்தேன். மூடிக்குப் புது ரப்பர், புது ஃபில்டர். டேங்க்கை மாட்டுவதற்கு முன் கோளாறு எங்கே என்று பார்த்துவிடலாம் என்று, என் சொந்தக் கேனில் இருந்த டீசலை ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக நேராக ஃபில்டருக்குக் கொடுத்தேன். கைப் பம்ப்பை அழுத்தினேன்.

மணி 1.40. ஃபில்டரின் அடித் திருகைத் திறந்தேன்.

தண்ணீர் வந்தது. அரை டம்ளர். பழுப்புத் தண்ணீர். ஆற்றுச் சேற்று வாடை.

குழாயைப் பார்த்தேன். உள்ளே சுத்தமான டீசல். குழாய்க்கும் ஃபில்டருக்கும் நடுவே ஒரு விரல் நீளம் கூட இல்லை. பிறகு இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

வடித்தேன். 1.52க்குத் திரும்பத் திறந்தேன். தண்ணீர்.

2.03க்கு மூன்றாவது தடவை. தண்ணீர்... அதில் ஒரு புல் துணுக்கு.

பயந்தாயா என்று கேட்டால், இல்லை. எரிச்சல்தான் வந்தது. உள்ளே போன தண்ணீரையும் காற்றையும் மொத்தமாக வெளியே தள்ளிவிடலாம் என்று இன்ஜினுக்கு டீசல் கொண்டுபோகும் இன்ஜெக்டர் பைப்புகளின் நட்டுகளைத் தளர்த்தினேன். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடிக்க வேண்டும், இன்னொருவர் நட்டைப் பார்க்க வேண்டும். பதினோரு வருடப் பழக்கம். குனிந்தபடியே குரல் கொடுத்துவிட்டேன்.

"செல்ஃப் அடி."

அடித்தது.

க்ர்ர்... க்ர்ர்... க்ர்ர்... இன்ஜின் சுற்றியது. நட்டுகளில் நுரை பொங்கி என் விரல்களை நனைத்தது.

"அப்படித்தான்... இன்னும் அடி" என்றேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவர் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கிறார்.

சட்டைப் பையைத் தொட்டேன். சாவி இருந்தது.

நெகட்டிவ் கிளிப்பைப் பார்த்தேன். கழற்றி வைத்த இடத்திலேயே கிடந்தது.

க்ர்ர்... க்ர்ர்... க்ர்ர்...

திறந்த பானெட் மறைத்துக்கொண்டிருந்தது. சீட்டில் யார் என்று தெரியவில்லை. இருபது விநாடி... முப்பது... நிற்கவில்லை. செல்ஃப் மோட்டார் சூடாகும் வாடை வந்தது. வந்தது யாராக இருந்தாலும், மோட்டார் எரிந்தால் பழி எனக்குத்தானே.

"போதும்" என்று கத்தினேன்.

நின்றது.

சொட்... சொட்... கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

இப்போது பயந்தேன். அதை மறைக்க மாட்டேன். ஷட்டர் நான்கு எட்டில் இருந்தது, ஓடியிருக்கலாம். ஓடினால் விடிந்ததும் என் போர்டு எதிர்ப் பட்டறை நட்டு கையில். அந்தச் சிரிப்பை நினைத்ததும் பயத்தைவிடக் கோபம் அதிகமாகிவிட்டது.

"யாரா இருந்தாலும் சரி. வந்தது வந்தாச்சு. வேலையை முடிச்சுக் குடுத்துட்டுப் போ. அடி."

அடித்தது.

முதல் நட்டு. நுரை... பழுப்புத் தண்ணீர்... பிறகு டீசல். இறுக்கினேன்.

இரண்டாவது.

மூன்றாவது.

நான்காவதை இறுக்கும்போது இன்ஜின் பிடித்துக்கொண்டது. மணி 2.26. ஒரு இருமல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை.

சுற்றி வந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

சீட் மட்டும் அமுங்கியிருந்தது.

சாவித் துளை ஸ்டார்ட் பக்கமாகத் திரும்பியே இருந்தது. சாவி இல்லாமல். யாரோ விரலை எடுக்காமல், அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கிற மாதிரி...

என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"வேலை முடிஞ்சுதுப்பா" என்றேன். "இறங்கு. வீட்டுக்குப் போ."

சீட் மெல்ல எழும்பியது.

க்ளக்.

கதவு திறந்தது. மூடியது.

தரையில் ஈரக் கால்தடம். ஒன்று... இரண்டு... ஷட்டர் வரை.

மணி 2.31.

திங்கட்கிழமை காலை, டேங்க்கை மாட்டிய வண்டியைத் தெருவில் மூன்று சுற்று ஓட்டிக் காட்டினேன். நட்டு தலை நிமிரவில்லை. வியாபாரி கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க ஓட்டியும் ஃபில்டரில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை 6.20க்கு வியாபாரி வண்டியோடு திரும்பி வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"வண்டி ஓடலியாப்பா?"

"ஓடுதுக்கா... ஞாயித்துக்கிழமை நீங்க வண்டிக்குள்ள யாருகிட்டயாவது ஏதாவது சொன்னீங்களா?"

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மழையில், ஒரு தரைப்பாலத்தின் நடுவே இந்த வண்டி நின்றுபோயிருக்கிறது. இவர் பானெட்டைத் திறந்து டீசல் பைப்பில் அடைத்த காற்றை எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தது இவருடைய அண்ணன். வெள்ளம் திடீரென்று ஏறியது.

"நான் கரைக்கு ஓடிட்டேன்கா."

"அண்ணனை இறங்கச் சொன்னியா?"

அவர் வண்டியின் சீட்டைப் பார்த்தார்.

"சொல்லல... பானெட் திறந்திருந்துச்சு. அவருக்கு எதுவும் தெரியல. நான் கரையேறின அப்புறமும் செல்ஃப் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"இப்ப வீட்டுக்கு வந்துட்டாரு" என்றார். "ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அஞ்சு பத்துக்குக் கதவு திறந்துச்சு. அப்பலேருந்து என் கட்டில் பக்கத்துல ரெண்டு கால் அளவுக்கு ஈரம். துடைக்கத் துடைக்க ஊறுது. மொதல்ல குழாய்தான் ஒழுகுதுன்னு நினைச்சேன். நேத்து ராத்திரி எந்த ரூமுக்கு மாறிப் படுத்தாலும் அங்க வந்துடுச்சு."

என் பட்டறையிலிருந்து அவர் வீடு பன்னிரண்டு கிலோமீட்டர். 2.31க்குக் கிளம்பி நடந்தால், போய்ச் சேர அவ்வளவு நேரம்தான் ஆகும்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி ஓடாட்டியும் பரவால்லக்கா. பழையபடியே ஆக்கிடுங்க. அவரைத் திரும்ப ஏறி உக்காரச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேக்கறாரு."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வருடம் அந்தச் சீட்டில் உட்கார்ந்து, தம்பி வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தவரை நினைத்தேன். கையை விடுவித்துக்கொண்டேன்.

"சரி பண்ணின வண்டியைக் கெடுத்துக் குடுக்கிற பழக்கம் இங்க இல்லப்பா" என்றேன்.