கிரீச்சு கட்டிய அறை

வீட்டில் அவளுக்குக் கிரீச்சு என்று பெயர். வைத்தவன் அண்ணன். பதினோரு வயதில் பள்ளி மேடையில் பாடப் போனாள். மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் உடைந்து, எண்ணெய் காணாத கதவைத் திறந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. முன்வரிசையில் இருந்த அண்ணன்தான் முதலில் சிரித்தான். பிறகு மொத்தப் பள்ளிக்கூடமும் சிரித்தது.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. சோபா தைக்கும் பட்டறையில் பதினேழு வருடமாக வேலை. அந்த மேடைக்குப் பிறகு அவள் யார் முன்னாலும் பாடியதில்லை. ஆனால் பாடாமலும் இருந்ததில்லை. தையல் மிஷின் ஓடும்போது அதன் இரைச்சலுக்கு அடியில் பாடுவாள். மிஷின் நின்றால் பாட்டும் நின்றுவிடும். கூட வேலை பார்த்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் அது தெரியாது.

மிஷின் சத்தம் இல்லாமல் தன் குரலைத் தானே ஒரு முறை கேட்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆனால் வேறு ஒரு காதிலும் அது விழக்கூடாது. அதற்காகத்தான் வீட்டின் பின்பக்கம் இருந்த சாமான் அறையை அண்ணனிடம் கேட்டாள்.

"பாட்டா? நீயா?" என்றான் அண்ணன். அண்ணியைப் பார்த்தான். "எடுத்துக்கோ, தாராளமா எடுத்துக்கோ. ஆனா ஒரு பொட்டு சத்தம் ஹாலுக்கு வரக்கூடாது. வந்துச்சுன்னா மறுநாளே என் ஓட்டை உடைசல் எல்லாம் திரும்ப உள்ள வந்துரும்."

"வராதுண்ணா. பஞ்சு வெச்சு அடைச்சுடறேன்."

அவள் வெறும் வாயால் சொல்லவில்லை. பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்றை இடித்த இடத்தில், சுவருக்குள் வைக்கும் ராக்வூல் என்ற கல்பஞ்சுப் பலகைகள் குப்பையாகக் கிடந்தன. பார்க்கக் கம்பளி மாதிரி இருக்கும். தொட்டால் ஊசி மாதிரி குத்தும். கையுறை போட்டு, முகத்தில் துணி கட்டி, சைக்கிளில் வைத்து ஒவ்வொரு கட்டாகக் கொண்டு வந்தாள். அப்படியும் முழங்கை வரை அரித்துச் சிவந்தது. ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, பலகையை உள்ளே வைத்து, பட்டறையில் மிஞ்சிய துணியை இழுத்துப் போர்த்தினாள். எந்தத் துணி ஆகும் என்பதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. துணியை வாயில் வைத்து ஊதுவாள். காற்று அந்தப் பக்கம் போனால் சத்தமும் உள்ளே போய்ப் பஞ்சில் மாட்டிக்கொள்ளும். போகாவிட்டால் சுவர் மாதிரி திருப்பி அடிக்கும்.

"என்னம்மா, துணியைத் தின்னுறியா?" என்று பட்டறை மேஸ்திரி கேட்டார்.

"இல்ல மேஸ்திரி, வாசம் பாக்கறேன்."

மொத்தம் பத்தொன்பது சட்டங்கள். சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி மாட்டினாள். மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை தடிமனாக நிறுத்தினாள். கூரையில் இரண்டு தொங்கின. சோபாவுக்குத் துணி இழுக்கிற கை என்பதால் ஒரு சுருக்கம் இல்லை. முடிந்த அன்று நடுவில் நின்று கை தட்டினாள். முன்பெல்லாம் அந்த அறையில் கை தட்டினால் 'டிங்' என்று சுவருக்குச் சுவர் பந்து விளையாடும். இப்போது தட்டிய சத்தம் உள்ளங்கையிலேயே செத்துப் போயிற்று. ஒரு வரி பாடினாள். குரல் வாயை விட்டு ஒரு முழம்கூடப் போகாத மாதிரி இருந்தது.

பதினேழு வருடம் பஞ்சோடு பழகியவள் செய்யக்கூடிய தப்பை அங்கேதான் செய்தாள். குரல் அறைக்குள் திரும்பி வரவில்லை என்பதை, குரல் அறையை விட்டு வெளியே போகவில்லை என்று எடுத்துக்கொண்டாள். அவள் நிறுத்தியது எதிரொலியை மட்டும்தான். ஹாலுக்கும் அறைக்கும் நடுவே இருந்தது நான்கு அங்குல, உள்ளே காலியான ஓட்டைக் கல் சுவர். கதவு வெறும் பிளைவுட். குரல் அவற்றை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "அண்ணி, ஏதாவது கேட்டுச்சா?"

அண்ணி துடைப்பத்தோடு நின்றிருந்தாள். அண்ணன் நாற்காலியில் இருந்தபடி கண்ணைச் சிமிட்டினான்.

"என்ன கேக்கணும்?" என்றாள் அண்ணி. "நீ உள்ள இருந்தியா? நீ கடைக்குப் போயிட்டேன்னுல்ல நான் நெனச்சேன்."

அதைக் கேட்டு இவள் முகம் விரிந்ததைப் பார்த்து அண்ணன் மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பதினைந்து வயதுப் பெண். துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். உண்மையைச் சொன்னால் இவள் பாட்டை நிறுத்திவிடுவாள், வேடிக்கை போய்விடும். அதனால் மூன்று பேரும் சொல்லவில்லை. அதற்காக உட்கார்ந்து பேசி முடிவு எடுக்கவேண்டிய தேவைகூட அவர்களுக்கு வரவில்லை.

ஆறு மாதம் ஓடியது. தினமும் மாலை ஆறு மணிக்கு அவள் உள்ளே போய்த் தாழ் போடுவாள். ஒரு சின்ன மைக்கும் பழைய கம்ப்யூட்டரும் வாங்கியிருந்தாள். பாடுவாள், பதிவு செய்வாள், கேட்பாள், மறுபடி பாடுவாள். மேல் இடத்தில் உடைகிற குரல் மூன்றாவது மாதம் உடைவதை நிறுத்தியது. அன்றைக்கு அழுதாள். அங்கே பேசவும் செய்தாள். மேஸ்திரியிடம் வெளியில் கேட்க முடியாததை எல்லாம் அங்கே கேட்டாள். பாட்டு நன்றாக வந்தால், "இன்னிக்கு நல்லா பாடினே, கண்ணு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால்.

அந்த நாட்களில் வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று சிரிப்பு அதிகமானது. சாப்பிடும்போது அண்ணன், "அந்தத் தண்ணியை இப்படி நகத்து, கண்ணு" என்பான். அண்ணிக்குப் புரையேறும். மகள் தட்டோடு எழுந்து போவாள். எதற்கென்று தெரியாவிட்டாலும் வீடு சந்தோஷமாக இருக்கிறதே என்று அவளும் கூடச் சிரித்தாள்.

ஏழாவது மாதம் ஒரு விளம்பரம் பார்த்தாள். குழந்தைகளுக்குப் பாட்டு பதிவு செய்யும் ஒரு கம்பெனி, பெண் குரல் தேடியது. வீட்டிலேயே பாடி அனுப்பலாம். எதிரொலி இருந்தால் கேட்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி. தன் அறையை நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முகம் காட்டாமல், மேடை ஏறாமல், குரலை மட்டும் அனுப்பிப் பிழைக்கலாம்.

வியாழக்கிழமை மாலை ஒரு பதிவு அமைந்தது. அவள் வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல பாட்டு. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஜன்னலில் மழை தெறித்தது. காயப்போட்ட துணி ஞாபகம் வந்து, பாட்டை ஓடவிட்டு அறையின் பின்கதவு வழியாக ஓடினாள். துணியை அள்ளிக்கொண்டு, அந்தப் பக்கம் சேறு என்பதால், சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தாள்.

டிவி சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாற்காலிகள் அவள் அறைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தன. அவள் குரல் ஹால் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. அண்ணன் நடுவில் நின்று, சீப்பை மைக்காகப் பிடித்து, கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க வாயசைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, இப்ப மேல போவா பாருங்க. முகத்தை இன்னும் கோணுங்க," என்றாள் மகள்.

"சும்மா இருடி. முடிஞ்சதும் 'கண்ணு' வரும், அதை விட்டுடப் போறோம்," என்றாள் அண்ணி.

பாட்டு முடிந்தது. அண்ணன் தன் கன்னத்தைத் தானே தட்டிக்கொண்டு, "இன்னிக்கு நல்லா பாடினே..." என்று ஆரம்பித்து, கண்ணைத் திறந்தான். ஈரத் துணியோடு அவள் நின்றாள்.

அவள் துணியை ஒரு நாற்காலியில் போட்டாள். பிறகு கேட்டாள். "எத்தனை நாளா?"

"மொதல் நாள்லேர்ந்துதான்," என்றான் அண்ணன். சீப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "எதுக்கு இப்ப மூஞ்சியத் தூக்கறே? நீ சந்தோஷமா இருந்தே. நாங்களும் சந்தோஷமா இருந்தோம். சொல்லிக் கெடுக்கணுமா?"

"நாங்க வெளியில யாருகிட்டயும் சொல்லலையே," என்றாள் அண்ணி. கொஞ்சம் யோசித்து, "எங்க அக்காகிட்ட மட்டும்தான்" என்றும் சேர்த்தாள்.

அவள் அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அன்றைய பதிவைக் கேட்டாள். மூன்றாவது வரிக்குப் பிறகு மூச்சு வாங்கும் இடைவெளியில், துணியால் அமுக்கிய ஒரு சிரிப்பு இருந்தது. முந்தைய நாள் பதிவிலும் இருந்தது. ஆறு மாதமும் இருந்தது. டிவி என்று நினைத்துத் தள்ளியிருந்தாள். அவள் வைத்த பஞ்சு அறையை அவ்வளவு அமைதியாக்கியிருந்ததால், அந்தப் பக்கத்துக் கிசுகிசுப்புகூடக் கண்ணாடி மாதிரி பதிவாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். மூவரும் கிளம்பிப் போன பிறகு காலி வீட்டில் மைக் முன்னால் நின்றாள். வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி பாடினாள், மறுபடி உடைந்தது. முகம் கோணுகிறதோ என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டே பாடினாள். மாலை நான்கு மணிவரை நாற்பது தடவையாவது பாடியிருப்பாள். நாற்பதிலும் பதினோரு வயதுக் கதவுதான் திறந்தது. வேறு வழியில்லாமல் வியாழக்கிழமைப் பதிவை, அந்தச் சிரிப்போடு அனுப்பினாள். கவனிக்க மாட்டார்கள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. அவள் கை கழுவ எழுவதற்குள் அண்ணன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தான்.

பேசியவர் கம்பெனியில் ஒலிப்பதிவு பார்ப்பவர். நிதானமான ஆள். "உங்க குரல் எங்க எல்லாருக்கும் பிடிச்சுதுங்க. முதல் அஞ்சு பேர்ல வெச்சிருந்தோம். அறையும் பிரமாதம், எதிரொலியே இல்ல. ஆனா நடுவுல யாரோ சிரிக்கறாங்க. அதைத் தனியா வெட்டி எடுக்க முடியல. வீட்ல சின்னப் பசங்களா?"

"இல்லைங்க," என்றாள். "பெரியவங்கதான்."

"பஞ்சு எதிரொலியைத்தான் பிடிக்கும்ங்க. சத்தத்தைத் தடுக்கணும்னா கனம் வேணும், கெட்டியா சுவர் வேணும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"சொல்லலைங்க."

"ஆளை எடுத்தாச்சுங்க. அடுத்த தடவை தேடும்போது கட்டாயம் அனுப்புங்க." போன் நின்றது.

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவனுக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. "அதான் குரல் நல்லா இருக்குன்னு சொல்லிட்டானே. போனாப் போகுது, கிரீச்சு. மழை பெஞ்சதால வந்த வினை. நீ பாட்டுக்கு உள்ளயே இருந்திருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"அப்பவும் சிரிப்பு பதிவாகித்தான் இருக்கும்ப்பா," என்றாள் மகள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள்.

அந்தக் கடியைப் பார்த்து அண்ணிக்குத் தாங்கவில்லை. மூக்கால் வந்தது முதலில். பிறகு மகள். பிறகு அண்ணன், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

அவளும் சிரித்தாள். அழுதால் அதையும் நாளைக்கு நடித்துக் காட்டுவார்கள்.