மொட்டைக் கடிதமும் இருபத்திரண்டு அடிக்குறிப்புகளும்

என் நாட்குறிப்பில் அது மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி வகுப்பு. சிட்னியில் பகுதிநேரமாக வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். அன்றைய கட்டாய வாசிப்பு பதினொரு பக்கக் கட்டுரை. உலகத்து வங்கிகளையும் பத்திரிகைகளையும் யூதர்கள் இரகசியமாகக் கையில் வைத்திருக்கிறார்கள் என்றது அது. பொய்ப் பிரசாரத்துக்கு உதாரணமாக அல்ல, ஆதாரமாகவே அதைத் தந்திருந்தார் விரிவுரையாளர்.

எண்ணிக்கையில் கொஞ்சம் பேர், ஆனால் எல்லா இடத்தையும் பிடித்துவிட்டார்கள். இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. இலங்கையில் தமிழர்களான எங்களைப் பற்றி அப்படிச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அதற்குப் பிறகு என்ன வரும் என்பதும் தெரியும்.

பக்கத்தில் இருந்த யூத மாணவி, வார இறுதிகளில் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்பவர், கட்டுரையைக் கவிழ்த்து வைத்தார். பாடத்தை விட்டுவிடப் போவதாகச் சொன்னார். விலகுவதற்குக் கடைசி நாள் அடுத்த வார வெள்ளிக்கிழமை.

புதனும் வியாழனும் நூலகத்தில் இருந்தேன். கட்டுரையில் இருபத்திரண்டு அடிக்குறிப்புகள். பதினாறு ஒரே துண்டுப்பிரசுரத்துக்குத் திரும்பிப் போயின. ஒரு வங்கியாளரின் கூற்றுக்குக் காட்டியிருந்த பத்திரிகைத் தேதி ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பத்திரிகை ஞாயிறுகளில் வெளிவந்ததே இல்லை. எல்லாவற்றையும் பட்டியலிட்டுத் துறைத் தலைவருக்கு எழுதினேன். பெயர் போடவில்லை. எங்கள் ஊரில் முறைப்பாடு என்றால் மொட்டைக் கடிதம்தான். பெயர் போட்டவன் வீட்டுக்கு ஆள் வரும். கை தானாகவே அந்தப் பழக்கத்துக்குப் போயிற்று.

நான்காம் வாரச் செவ்வாய். துறைத் தலைவர் அனுப்பியிருந்த அந்தக் கடிதத்தின் பிரதியை விரிவுரையாளர் மேசையில் வைத்தார். பெயர் சொல்லத் தைரியமில்லாதவர்களோடு தான் விவாதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு அந்த மாணவியைப் பார்த்தார். வகுப்பே பார்த்தது. அவர் முகம் சிவந்தது. நான் வாய் திறக்கவில்லை. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

சிட்னியின் புறநகரான டூங்கபியில் என்னோடு வீட்டைப் பகிர்ந்திருந்த ஊர்க்கார அண்ணன் ஒருவரிடம் சொன்னேன்.

"உமக்கு விசா தந்தது அடிக்குறிப்பு எண்ணுறதுக்கே? அதுவும் தற்காலிக விசா!"

"எழுதினது நான், அண்ணை. எல்லாரும் அவவையெல்லே பாக்கினம்."

"அவவிட்ட இந்த நாட்டுப் பாஸ்போட் இருக்கு. உம்மட்ட என்ன கிடக்கு?"

"பேர் கிடக்கு."

"ஓம், நல்ல நீளப் பேர். இமிகிரேஷன்காரனுக்கே வாசிக்க வராது."

சிரித்துவிட்டுத் தன் பிரிண்டரை என் பக்கம் தள்ளினார். "மை குறைவு. மூண்டு பிரதிக்கு மேல அடியாதையும்."

அதே கடிதத்தை மூன்றே பிரதி அடித்தேன், இம்முறை பெயரோடு. முழுப்பெயர், மாணவர் எண், தேதி. கீழே ஒரு வரி: முதல் கடிதமும் என்னுடையதே, வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. வியாழக்கிழமை ஒன்றைத் துறைத் தலைவரிடமும் ஒன்றை அந்த மாணவியிடமும் கொடுத்தேன். மூன்றாவதை விரிவுரையாளரின் அறைக்கே கொண்டுபோனேன்.

வாசித்துவிட்டு, கட்டுரை சொல்வதும் ஒரு கோணம்தானே என்றார்.

"இருக்கட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைக் காட்டுங்கள்" என்றேன்.

அவரிடம் அது இல்லை. என் மதிப்பெண்கள் அவர் கையில்தான் என்பதை நான் மறந்திருக்கவில்லை. பிரதியை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளி மாலை நான்கு நாற்பதுக்கு அந்த மாணவியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. விலகவில்லையாம். பழைய பத்திரிகைகள் நூலகத்தில் எந்தத் தளத்தில் என்று கேட்டிருந்தார்.

ஐந்தாம் வாரம், செவ்வாய். கட்டுரை இன்னும் வாசிப்புப் பட்டியலில் இருந்தது. நாங்கள் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்து, கையை உயர்த்தி, முதலாம் அடிக்குறிப்பிலிருந்து தொடங்கினோம்.